தரம் 3 முதல் 5 வரையான மாதாந்தப் பொதுக் கணிப்பீட்டுப் பொதி: ஒரு மதிப்புரை

திருகோணமலை நகரிலும் அதைச் சூழவுள்ள பகுதிகளிலும் பல பாடசாலைகள் ஆரம்பப் பிரிவுக்காக மாதந்தோறும் வாங்கும் பொதுக் கணிப்பீட்டுப் பொதி ஒன்றைப் பற்றியது இம்மதிப்புரை. தரம் 3, 4, 5 ஆகிய வகுப்புகளுக்குத் தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், சமயம் என்னும் நான்கு பாடங்களிலும் ஒவ்வொரு வினாத்தாளும், புள்ளியிடும் திட்டமும், வகுப்பின் புள்ளிகளை நிரப்பி அனுப்புவதற்கான தொகுப்புத் தாளும், பெற்றோருக்குக் கொடுக்கும் முன்னேற்ற மட்டையும் இப்பொதியில் உள்ளன. தொகுப்புத் தாளை அனுப்பிய பாடசாலைகளுக்கு, மாத முடிவில் எல்லாப் பாடசாலைகளின் சராசரிகளையும் வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்று வந்து சேரும். மாணவர் ஒருவருக்கு மாதம் 180 ரூபா வீதம் பெற்றோரிடமிருந்தே பணம் சேர்க்கப்படுகிறது. பொதியின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இதே அமைப்பில் வேறு பொதிகளும் விற்பனையில் உள்ளன என்பதால், பெயரைவிட அமைப்பைப் பற்றிப் பேசுவதே வாங்கப்போகிறவர்களுக்குப் பயன்படும். தரம் 4 வகுப்பில் இதைப் பயன்படுத்திய ஆசிரியை என்ற முறையிலும், மூதூர், குச்சவெளிப் பக்கங்களில் கற்பிக்கும் ஆசிரியர்களோடு இதைப் பற்றிப் பேசியவள் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

முதலில் நல்லவற்றைச் சொல்ல வேண்டும். அச்சும் தாளும் தரமானவை. பெரிய எழுத்து, போதிய இடைவெளி, விடை எழுதுவதற்கு வேண்டிய அளவு இடம் ஆகிய மூன்றும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு மிக முக்கியமானவை, அவற்றில் வெளியீட்டாளர் சிக்கனம் பிடிக்கவில்லை. மொழி நடையும் கலைச்சொற்களும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களோடு ஒத்துப்போகின்றன. புத்தகக் கடைகளில் கிடைக்கும் இந்தியப் பயிற்சி நூல்களைக் கொடுத்தால், வினாவை விளங்கிக்கொள்வதற்குள்ளேயே பிள்ளை களைத்துவிடும், இங்கே அந்தச் சிக்கல் இல்லை. சுற்றாடல் தாள்களை ஆக்கியவர் இந்த மாவட்டத்தை அறிந்தவர் என்பது வினாக்களிலேயே தெரிகிறது. கரைவலை இழுப்பதைக் காட்டும் படம் ஒன்றைக் கொடுத்து, அந்த வேலையில் யார் யார் பங்கெடுக்கிறார்கள், பிடித்த மீன் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் எத்தனை பேரின் கைகளைக் கடக்கிறது என்று கேட்ட வினாவுக்கு, வழமையாக ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள்கூடப் பக்கம் நிறைய எழுதினார்கள். நிலாவெளி உப்பளம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், தம்பலகாமத்து வயல்கள் ஆகியவையும் இடையிடையே வருகின்றன. பிள்ளைகள் தங்கள் ஊரைத் தாளில் காணும்போது எழுதும் உற்சாகம் வேறு, அதை இந்தப் பொதி புரிந்துகொண்டிருக்கிறது.

ஆயினும் ஒரு கணிப்பீட்டை அதன் வினாக்களைக் கொண்டு மட்டும் எடைபோட முடியாது. அது வகுப்பறையிடமிருந்து எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு ஈடாக வகுப்பறைக்கு எதைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதே எனது அளவுகோல், இந்தப் பொதி குறைபடுவதும் அங்கேதான்.

நேரக் கணக்கைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். காலைக் கூட்டம், இடைவேளை ஆகியவற்றைக் கழித்தால், ஆரம்பப் பிரிவின் மேல்வகுப்பு ஒன்றில் நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் கற்பித்தலுக்குக் கிடைப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நான்கு வாரங்களுக்கு அது 100 மணித்தியாலம். பொதியிலுள்ள நான்கு தாள்களுக்கும் தலா ஒரு மணித்தியாலம் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள், அதன்படி மாதத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு நேரம் மட்டுமே செலவாகும் என்று தோன்றும். நடைமுறையில் ஒரு மணித்தியாலத் தாள் ஒரு மணித்தியாலத்தில் முடிவதில்லை. மேசைகளைப் பிரித்துப் போட வேண்டும், தாளைக் கொடுத்து அறிவுறுத்தலை வாசிக்க வேண்டும், பென்சில் முனை முறிந்தவருக்கு வேறொன்று தேடிக் கொடுக்க வேண்டும், முன்னதாக முடித்த பிள்ளைகளை மற்றவர்களைக் குழப்பாமல் இருத்தி வைக்க வேண்டும், மெதுவாக எழுதும் பிள்ளைகள் முடிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்தால் ஒரு தாள் ஒன்றரை மணித்தியாலத்தை எடுத்துவிடும். விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்து விடைகளைக் கலந்துரையாட ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பாடவேளையாவது வேண்டும். பரீட்சை நாள் மழையிலோ காய்ச்சலிலோ வராத பிள்ளைகளுக்கு மறுபடி தாள் வைக்கும் நேரமும் உண்டு.

இவற்றைவிடப் பெரிய செலவு, தாள் வருவதற்கு முந்திய வாரத்தில் நிகழ்கிறது. பாடசாலைகளை ஒப்பிடும் பட்டியல் வரப்போகிறது என்று தெரிந்தால், எந்த ஆசிரியரும் சென்ற மாதத் தாளின் அமைப்பில் பயிற்சி கொடுக்கவே முனைவார். அதற்காக அவரைக் குறைசொல்ல முடியாது. அதிபரும் பெற்றோரும் அந்தப் பட்டியலை வைத்தே அவரிடம் கேள்வி கேட்பார்கள். எனது கணிப்பில், நேரடியாகவும் மறைமுகமாகவும் இந்தப் பொதி மாதத்தில் பதினைந்து மணித்தியாலத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்கிறது, அதாவது ஏறத்தாழ மூன்று பாடசாலை நாட்கள். தவணைப் பரீட்சைகள் இதற்குப் புறம்பானவை.

இந்த அளவு அதிகமா என்று கேட்போருக்கு, பொதுக் கணிப்பீடுகளில் நெடிய அனுபவமுள்ள ஒரு நாட்டில் நடந்ததைச் சொல்லலாம். ஐக்கிய அமெரிக்காவில் பெருநகரப் பாடசாலை மாவட்டங்களின் கூட்டமைப்பு 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, முன்பள்ளி முதல் 12ஆம் வகுப்பு முடியும்வரை ஒரு மாணவர் சராசரியாக 112 கட்டாயப் பரீட்சைகளுக்குத் தோற்றுகிறார். மிகுதியாகப் பரீட்சிக்கப்பட்ட 8ஆம் வகுப்பு மாணவர்கள் அவற்றில் செலவிட்டது பாடசாலை நேரத்தில் 2.34 சதவீதம். அந்த அளவே மிகையானது என்று கருதி, வகுப்பறை நேரத்தில் 2 சதவீதத்துக்கு மேல் இத்தகைய பரீட்சைகளுக்குச் செலவிடக் கூடாது என்று அதே ஆண்டு ஒக்டோபரில் ஒபாமா நிர்வாகம் மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. அவை கல்வி அதிகாரிகள் விதித்த பரீட்சைகள், நாம் பேசுவது பணம் கொடுத்து வாங்கும் ஒரு பொதி என்ற வேறுபாடு உண்டு. இருந்தாலும், நமது தரம் 3 பிள்ளைகள் அட்டையில் அச்சிட்ட நேரத்தை மட்டும் கணக்கிட்டாலே அந்த எல்லையின் இரு மடங்கைத் தொடுகிறார்கள் என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

பறிபோகும் நேரம் எத்தகைய நேரம் என்பதையும் பார்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எமது வகுப்பறைகள் முற்பகல் பதினொரு மணிக்கே கொதிக்கத் தொடங்கிவிடும், பிள்ளைகளின் கவனம் நிற்பது காலை முதல் இரண்டு மணித்தியாலங்களில்தான். பரீட்சையையும் அந்த நேரத்திலேயே வைக்க வேண்டியிருப்பதால், மாதத்தின் சிறந்த காலை வேளைகள் நான்கு தாள்களுக்குப் போய்விடுகின்றன. அப்போது முதலில் கைவிடப்படுவது செயற்பாட்டோடு கூடிய பாடம். கொள்ளளவு என்ற பாடத்துக்காகப் பிள்ளைகள் வீட்டிலிருந்து வெவ்வேறு அளவுப் போத்தல்களைக் கொண்டுவந்து, எத்தனை கோப்பை நீர் ஊற்றினால் ஒரு லீற்றர் நிறையும் என்று தாங்களே ஊற்றிப் பார்க்கும் வேலை, சேறும் சிரிப்புமாக இரண்டு பாடவேளை எடுக்கும். அதே பாடத்தைக் கரும்பலகையில் ‘1000 மில்லிலீற்றர் = 1 லீற்றர்’ என்று எழுதி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடவும் முடியும். தாளில் வரும் வினாவுக்கு இரண்டாவது வழியே போதுமானது. ஆனால் அவ்வழியில் கற்ற பிள்ளை, உயரமான ஒடுங்கிய போத்தலில் கட்டையான அகன்ற போத்தலைவிட அதிக நீர் இருக்கிறது என்றே தொடர்ந்து நம்பிக்கொண்டிருக்கும். விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகிய மூன்றையும் கலந்து கற்பிக்கும்படி தேசிய கல்வி நிறுவகம் ஆரம்பக் கல்வியை வடிவமைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். மாதாந்தத் தாள் அந்த மூன்றில் எழுத்து வேலையை மட்டும் வளர்க்கிறது.

இதனால் பரீட்சையே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. படித்ததை மீண்டும் வாசிப்பதைவிட, அதை நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முயல்வதே நீண்ட நாள் நிலைக்கும் என்பதை அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் ஆகிய உளவியலாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட பரிசோதனையில் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் வாசித்தவர்கள் முந்தியிருந்தார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவுகூர்ந்து பயின்றவர்களே முந்தினார்கள். அவர்களின் பரிசோதனையில் பங்குபற்றியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். எனினும், காலையில் பாடம் தொடங்குமுன் நேற்றைய பாடத்திலிருந்து மூன்று வினாக்களைக் கேட்டு, கொப்பியைப் பார்க்காமல் விடை எழுதச் சொல்லும் ஆசிரியர் எவரும் இதைத் தம் வகுப்பிலேயே கண்டிருப்பார். அதற்கு ஐந்து நிமிடம் போதும், புள்ளி வேண்டியதில்லை, பட்டியலும் வேண்டியதில்லை. இந்தப் பொதியோ சிறு சிறு அளவில் கொடுத்திருந்தால் கற்றலாகவே மாறியிருக்கக்கூடிய வினாக்களை, மாத இறுதியில் ஒன்றாகத் திரட்டிப் பரீட்சையாக்கிவிடுகிறது.

வினாக்களின் அமைப்புக்கு வருகிறேன். எந்தக் கணிப்பீட்டின் தரத்தையும் அறிவதற்கு, பிழையான விடைகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பதே சிறந்த வழி. தரம் 4 கணிதத் தாளொன்றில் 402இலிருந்து 178ஐக் கழிக்கும் வினா வந்தது. சரியான விடை 224. எனது வகுப்பில் ஒரு பிள்ளை 376 என்று விடை கண்டது. இன்னொரு பிள்ளைக்கு 234 வந்தது, வேறொரு பிள்ளைக்கு 274. 376 என்பது ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்ததால் வந்த விடை. அந்தப் பிள்ளைக்குக் கடன் வாங்குவது என்ற கருத்தே இன்னும் சென்று சேரவில்லை. 234 எழுதிய பிள்ளை நூறிலிருந்து பத்துக்கும், பத்திலிருந்து ஒன்றுக்கும் சரியாகவே கடன் வாங்கியிருக்கிறது, பத்தினிடத்தில் மிஞ்சுவது ஒன்பது என்பதை மட்டும் மறந்து பத்தாகவே வைத்துவிட்டது. அதற்கு ஒரு நிமிட விளக்கம் போதும். 274 எழுதிய பிள்ளை பூச்சியத்தைத் தாண்டி நூறிலிருந்து நேரே ஒன்றினிடத்துக்குக் கடன் கொண்டுவந்துவிட்டு, பத்தினிடத்தில் பூச்சியத்தையும் ஏழையும் தலைகீழாகக் கழித்திருக்கிறது. இந்தப் பிள்ளையை மீண்டும் குச்சிக் கட்டுகளோடு உட்கார வைத்து, நூறு என்பது பத்துப் பத்துகள் என்று கையால் பிரித்துப் பார்க்கச் செய்ய வேண்டும். மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று விதமான பரிகாரக் கற்பித்தல் தேவை, புள்ளித் தாளில் மூவரும் பெறுவது ஒரே பூச்சியம்.

அந்த வினாவுக்குக் கொடுக்கப்பட்ட தெரிவு விடைகளைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான ஏமாற்றம் ஏற்பட்டது. 224, 225, 214, 124 ஆகிய நான்கும் அதில் இருந்தன. மேலே சொன்ன பிழைகளில் ஒன்றுகூட இவற்றில் இல்லை. தான் கண்ட விடை தெரிவுகளில் இல்லாததால் பிள்ளை ஏதோ ஒன்றைக் குறிக்கிறது, அதிலிருந்து ஆசிரியர் எதையும் அறிந்துகொள்ள முடிவதில்லை. தாளின் ஓரத்தில் பிள்ளைகள் செய்து பார்த்த கணக்கை நான் தனித்தனியே தேடிப் பார்த்ததால்தான் மூன்று பிழைகளும் எனக்குத் தெரிந்தன. 376, 234, 274 ஆகியவற்றையே தெரிவுகளாக வைத்திருந்தால், திருத்தும் வேலையோடு வகுப்பின் நிலையும் தெரிந்திருக்கும். வெளியீட்டாளருக்கு இதில் மேலதிகச் செலவு எதுவும் இல்லை, அனுபவமுள்ள ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் இருவரைத் தெரிவு விடைகளை ஆக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொண்டாலே போதும்.

திருத்தும் வேலையின் அளவையும் சொல்லியாக வேண்டும். 36 பிள்ளைகள் உள்ள வகுப்பில் நான்கு பாடங்களுக்கு 144 விடைத்தாள்கள் சேரும். ஒரு தாளுக்கு நான்கு நிமிடம் வைத்தாலும் 576 நிமிடம், ஒன்பதரை மணித்தியாலத்துக்கு மேல். இதை வீட்டில் செய்யும் ஆசிரியை மறுநாள் பாடத்துக்கான தயாரிப்பை விட்டுக்கொடுக்கிறார். வகுப்பில் செய்பவர் பிள்ளைகளுக்கு உறுப்பெழுத்து எழுதக் கொடுத்துவிட்டுத் திருத்துகிறார். இரண்டிலும் இழப்பு பிள்ளைகளுக்கே. புள்ளியிடும் திட்டம் தெளிவாக இருப்பது சற்று ஆறுதல் தருகிறது, குறிப்பாகத் தமிழ்க் கட்டுரை வினாவுக்குக் கருத்து, வசன அமைப்பு, எழுத்துப்பிழை என்று புள்ளிகளைப் பிரித்துக் கொடுத்திருப்பது நன்று.

முன்னேற்ற மட்டையைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அதில் புள்ளி, தரம், வகுப்பில் நிலை ஆகிய மூன்றுக்கும் கட்டங்கள் இருக்கின்றன, ஆசிரியரின் குறிப்புக்கு அரை வரி மட்டுமே இருக்கிறது. புள்ளியும் குறிப்பும் ஒன்றாக வரும்போது என்ன நடக்கிறது என்பதை இஸ்ரேலிய ஆய்வாளர் ரூத் பட்லர் 1988ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் காணலாம். வேலையைப் பற்றிய குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. புள்ளி மட்டும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. புள்ளியும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடமும் காணப்படவில்லை. புள்ளியைக் கண்ட பிள்ளை குறிப்பை வாசிப்பதில்லை என்பது எந்த ஆசிரியருக்கும் தெரிந்ததே. பெற்றோரும் அவ்வாறே, மட்டையைக் கையில் வாங்கியவுடன் விரல் போகும் இடம் ‘வகுப்பில் நிலை’ என்ற கட்டம். எட்டு வயதில் 31ஆம் நிலை என்று எழுதப்பட்ட மட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகும் பிள்ளை, அடுத்த மாதம் 402இலிருந்து 178ஐக் கழிக்கக் கற்றுக்கொள்வதற்கு அந்த எண் எவ்விதத்திலும் உதவாது. நான் அந்தக் கட்டத்தை நிரப்புவதை நிறுத்திவிட்டேன். பகுதித் தலைவர் அதை ஏற்றுக்கொண்டதற்கு நன்றியுடையவளாக இருக்கிறேன்.

இன்னொரு பெரிய குறை, வாசிப்பு. தரம் 3 பிள்ளை ஒன்றைப் பற்றி ஆசிரியர் அறிய வேண்டியவற்றுள் முதன்மையானது, அது ஒரு பந்தியைத் தடையின்றி வாய்விட்டு வாசித்து, வாசித்ததைத் தன் சொற்களில் சொல்லுமா என்பதே. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை தாளிலுள்ள பந்தியை முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது, பின்னர் அதன் சுற்றாடல் புள்ளியும் கணிதப் புள்ளியும்கூடக் குறைந்து காணப்படுகின்றன. அந்தப் பிள்ளைக்குக் கணிதம் தெரியாது என்று மட்டை சொல்கிறது. உண்மையில் தெரியாதது வாசிப்பு. 36 பிள்ளைகளையும் ஒருவர் பின் ஒருவராக அருகில் அழைத்து மூன்று நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்க 108 நிமிடம் போதும், அதாவது இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. இரண்டு வாரங்களுக்குப் பிரித்துச் செய்தால் பாடவேளை எதையும் இழக்க வேண்டியதில்லை. மாதத்தில் கணிப்பீட்டுக்கென்று செலவிட நமக்கு இரண்டு மணித்தியாலம் மட்டுமே உண்டு என்றால், நான் அதை இதற்கே கொடுப்பேன். பொதியில் வாசிப்புக்கான ஒரு பந்தியும் அவதானிப்புத் தாள் ஒன்றும் சேர்த்திருந்தால் இந்த மதிப்புரையின் தொனியே மாறியிருக்கும்.

பாடசாலைகளை வரிசைப்படுத்தும் பட்டியல் வாங்குவோரை ஈர்க்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதை நம்பி முடிவெடுப்பது ஆபத்தானது. நகரப் பாடசாலையில் நாற்பதை நெருங்கும் பிள்ளைகள் கொண்ட வகுப்பும், குச்சவெளிப் பக்கத்தில் ஒன்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பும் அதில் ஒரே வரிசையில் நிற்கின்றன. அந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் 70 புள்ளி வீதம் பெற, ஒருவர் 20 பெற்றால் சராசரி 64.4 ஆகிவிடும், அந்த ஒரு பிள்ளை அன்று வராதிருந்தால் சராசரி 70. வராமல் இருப்பதே பாடசாலைக்கு நல்லது என்று ஆக்கிவிடும் ஒரு கணக்கு, தேவை மிகுந்த பிள்ளைக்கு எதிராகவே வேலை செய்கிறது. சிறிய பாடசாலைகளில் ஓர் ஆசிரியரே இரண்டு தரங்களைச் சேர்த்துக் கற்பிப்பதும் உண்டு. அங்கே தரம் 4 பரீட்சை எழுதும்போது தரம் 3 சத்தமில்லாமல் படம் வரைந்துகொண்டிருக்க வேண்டும், மறுநாள் மறுபுறமாக அது நடக்கும். இரு வகுப்புகளும் இழக்கும் நேரம் இரட்டிப்பாகிறது. சமயப் பாடத்துக்குச் சைவநெறி, இஸ்லாம் ஆகிய இரண்டுக்கு மட்டுமே தாள்கள் வருகின்றன. கத்தோலிக்க, கிறிஸ்தவப் பிள்ளைகளிடமும் அதே 180 ரூபாவையே வாங்குகிறார்கள். இந்த மாவட்டத்தில் வெளியாகும் பொதிக்கு இது பொருத்தமற்றது.

தரம் 5 வகுப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். புலமைப் பரிசில் பரீட்சை முன்னால் இருக்கும்போது, நேரத்துக்குள் விடையளிக்கும் பழக்கமும், தெரிவு விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் பிள்ளைக்குத் தேவைதான். முதலாம் பத்திரத்தில் 40 வினாக்கள், இரண்டாம் பத்திரத்தில் 60 வினாக்கள் என்ற அந்த அமைப்பைப் பொதியின் தரம் 5 தாள்கள் ஓரளவு பின்பற்றுகின்றன, முதலாம் பத்திரத்தின் கோலங்கள், வடிவங்கள் சார்ந்த வினாக்கள் நன்றாகவே ஆக்கப்பட்டிருக்கின்றன. பரீட்சைக்கு முந்திய தவணையில் மாதம் ஒன்று என்பது தாங்கக்கூடியதே. பின்னேரங்களில் ரியூசன் வகுப்புகளில் இதே வகைத் தாள்களைப் பிள்ளைகள் வாரந்தோறும் செய்துகொண்டிருக்க, காலையில் பாடசாலையிலும் அதையே செய்விப்பதில் என்ன பயன் என்ற கேள்வி மட்டும் எனக்கு நிற்கிறது. தரம் 3க்கு இந்த அமைப்பை இறக்குவதை நான் ஆதரிக்கவே மாட்டேன்.

இப்படியெல்லாம் சொல்லும் நான் இந்தப் பொதியை முற்றாகக் கைவிடவில்லை. ஒரே தரத்தில் மூன்று பிரிவுகள் உள்ள பாடசாலைகளில், மூன்று ஆசிரியர்களும் ஒரே வினாவுக்குத் தங்கள் பிள்ளைகள் அளித்த விடைகளை ஒரு மேசையில் விரித்துவைத்துப் பேசுவது மிகப் பெறுமதியானது, பொதுத் தாள் இல்லாமல் அது நடைபெறுவதில்லை. கரைவலை வினாவுக்கு எனது வகுப்பில் நீண்ட விடைகளும் பக்கத்து வகுப்பில் மிகச் சுருக்கமான விடைகளும் வந்தபோது, படத்தைப் பார்த்து வாய்மொழியாகப் பேசவிட்ட பின்பு எழுதவிட்டதே வேறுபாட்டுக்குக் காரணம் என்பதை நாங்கள் கண்டுகொண்டோம். அதன் பின்னர் மூன்று வகுப்புகளிலும் எழுத்து வேலைக்கு முன் பேச்சு வேலை நடைபெறுகிறது. 1998ஆம் ஆண்டு லண்டன் கிங்ஸ் கல்லூரியின் போல் பிளாக், டிலன் வில்லியம் ஆகியோர் ஏறத்தாழ 250 ஆய்வு வெளியீடுகளைத் தொகுத்து ஆராய்ந்து, கணிப்பீட்டின் முடிவைக் கொண்டு கற்பித்தலை மாற்றியமைக்கும்போதே அது மாணவரின் கற்றலை உயர்த்துகிறது என்று எழுதினார்கள். எங்கள் மேசையில் நடந்ததும் அதுதான். அதற்கு மாதம் நான்கு தாள் வேண்டியதில்லை.

நாங்கள் இப்போது கையாளும் முறை இது. தவணைக்கு ஒருமுறை மட்டும், தவணையின் நடுவில், தமிழும் கணிதமும் பொதுத் தாளாக வைக்கிறோம். அடுத்த மூன்று நாட்களின் முதற் பாடவேளைகளைப் பரிகாரக் கற்பித்தலுக்காக முன்கூட்டியே நேரசூசியில் ஒதுக்கிவிடுகிறோம், அந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் தாளே வைப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். ஏனைய மாதங்களின் தாள்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, பாடத்தோடு பாடமாக நாளுக்கு இரண்டு மூன்று வினாக்களாகப் பயன்படுத்துகிறோம். சுற்றாடல் தாளின் படங்கள் குழுவேலைக்கு அருமையாக உதவுகின்றன. தவணை நடுவில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆண்டிறுதியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் வரவு இடாப்பில் பாதிக் கட்டங்கள் வெறுமையாகிவிடும், அப்போது எடுக்கும் சராசரிக்கு எந்த மதிப்பும் இல்லை.

வாங்க எண்ணும் பாடசாலைகளுக்கு எனது கருத்து இதுவே: தரம் 5க்கு வாங்கலாம், தரம் 4க்குத் தவணைக்கு ஒரு பொதி போதும், தரம் 3க்கு அந்தப் பணத்தில் வகுப்பு நூலகத்துக்குக் கதைப் புத்தகங்கள் வாங்குவது மேல். 36 பிள்ளைகளுக்கு மாதம் 6480 ரூபா என்பது சிறிய தொகை அல்ல. கூலி வேலைக்கும் கடலுக்கும் போகும் பெற்றோரிடமிருந்து அது சேர்க்கப்படுகிறது. வெளியீட்டாளரிடம் வேண்டுவது மூன்று: தெரிவு விடைகளைப் பிள்ளைகளின் உண்மையான பிழைகளிலிருந்து ஆக்க வேண்டும், வாசிப்பு அவதானிப்புத் தாள் ஒன்றைச் சேர்க்க வேண்டும், மட்டையிலிருந்து ‘வகுப்பில் நிலை’ என்ற கட்டத்தை நீக்கி அந்த இடத்தை ஆசிரியரின் குறிப்புக்கு விட வேண்டும். தவணைக்கு ஒரு பொதி என்ற ஏற்பாடு அவர்களின் விலைப்பட்டியலில் இல்லை, ஆனால் எமது பாடசாலை எழுத்தில் கேட்டபோது அதே விலையில் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டுக்கான பதிவு தொடங்கும்போது ஏனைய அதிபர்களும் அவ்வாறே எழுத்தில் கேட்கலாம்.